பத்தாவது வாரப் படம்

ஜூன் 3

அன்புள்ள கடுகுக்கு,

சித்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, என் இடது முழங்கால் மூவரும் நலம். வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அங்கே நீயும், மாப்பிள்ளையும், அவர் பழுதுபார்க்கும் லிஃப்டுகளும் ஏற்ற இறக்கம் இல்லாமல் நலமா?

உன் பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்து சேர்ந்தது. 'மனித இனப்பெருக்கம், சுவர்ப்படம், ஐந்து தாள்' என்பதைச் சத்தமாக வாசிக்கக் கூச்சப்பட்டு, எங்கள் அச்சக மேலாளர் சீட்டை என் மேசைமேல் குப்புறப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். நாலு பிள்ளை பெற்ற மனிதர். இருபத்திரண்டு வருடமாக இங்கே இதயம், தவளை, எரிமலை எல்லாம் வரைகிற நான்தான் இதையும் வரையவேண்டும். இந்தக் கை இதுவரை வரைந்த கருப்பைகளை வரிசையாக ஒட்டினால் நிலா வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். அத்தனையும் காலி என்பது வேறு விஷயம்.

இனி படச்சுருளுக்குள் கடிதத்தைச் சொருகிப் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புகிறேன். வீட்டுக்குப் போன் செய்தால் உன் ஓரகத்தி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுகிறாள் என்றாயே. மெஷின் நிற்கிற சத்தம் எனக்கே இங்கே கேட்கிறது.

அவளுக்கு மூன்றாம் மாதமாம், அண்ணன் சொன்னார். நான் உனக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. உனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், எனக்குப் பதினேழு. பொறாமையில் நான் உனக்கு சீனியர். பக்கத்து வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்த அன்று எனக்கு மூண்ட வயிற்றெரிச்சலில் ஊருக்கே வெந்நீர் போட்டிருக்கலாம். ஆகவே பிள்ளையில்லாதோர் கட்சியின் நிரந்தரத் தலைவன், பொதுச்செயலாளராகிய உனக்கு இடும் கட்டளை: எரிவதை மறைக்காதே. எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அகில உலகச் சுவர்ப்படச் சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா


ஜூன் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். 'நலம்' என்று எழுதி, அடித்து, மறுபடியும் நலம் என்றே எழுதுகிறேன். நீங்களும் சித்தியும் நலம்தானே?

எரிவதை எழுதச் சொன்னீர்கள். ஓரகத்தி காலையில் வாந்தி எடுக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வாந்திக்குப் பொறாமைப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமியார் அவளிடம் "பாத்து நட" என்கிறார். அதே மூச்சில் என்னிடம், "நீ சும்மாதானே நிக்கிறே, அந்த வாளியைத் தூக்கு" என்கிறார். நான் தூக்குகிறேன். என் வயிற்றில் சிந்துவதற்கு ஒன்றுமில்லையே.

டாக்டர் எனக்கும் சரியாக இருக்கிறது, அவருக்கும் சரியாக இருக்கிறது என்கிறார். எல்லாம் சரியாக இருப்பதற்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறது?

பள்ளிக்கூடத்தில் வேறு கூத்து. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வரும் ஆறு பக்கங்களையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுப்பார்களாம். இங்கே வருடா வருடம் இதுதான் வழக்கம். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவாராம். இந்த வருடம் நான் நடத்தப்போகிறேன். நாற்பது பெண்கள் முன்னால் நாக்குக் குழறாமல் சொல்லும்படி எனக்கு எழுதிக் கொடுங்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடுகு


ஜூன் 27

அன்புள்ள கடுகுக்கு,

நலம். நீ நலமாக இருக்கவேண்டும் என்பது கட்சி மேலிடத்தின் உத்தரவு.

கேட்டுக்கொள். உலகத்தில் நடந்த போர்களெல்லாம் இதற்கு முன்னால் கோலிக்குண்டு விளையாட்டு. இருபது கோடி விந்தணுக்கள் புறப்படுகின்றன. கையில் வழி கேட்டு எழுதிய சீட்டுக்கூடக் கிடையாது. அமிலத்தில் கருகுவது பாதி. திசை தெரியாமல் வட்டமடிப்பது மீதி. கருக்குழாய் வரை போய்ச் சேருவது சில நூறு. அங்கே சினைமுட்டை ஒரே ஒருத்தி. மணல் துகள் அளவுதான், ஆனால் உடம்பிலேயே பெரிய செல் அவள்தான். ஒரு நாள் காத்திருப்பாள். ஒருவன் தலையை நுழைத்தானோ இல்லையோ, முட்டையின் சுவர் இறுகிக்கொள்ளும். பின்னால் வந்தவன் இளவரசனே ஆனாலும் வெளியேதான். உள்ளே போனவனின் வாலுக்கு அத்தோடு வேலை முடிந்தது. கரு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, உருண்டு வந்து ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு செய்தி. பெண் பிறக்கும்போதே ஆயுளுக்கான முட்டைகளோடு பிறக்கிறாள். ஆணின் சரக்கோ அன்றன்றைக்குத் தயாராவது. ஆகவே எந்தக் குழந்தையும் பாதி பழசு, பாதி புதுசு. இரண்டாவது, ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது அப்பன் கொண்டுவரும் அணு. இதை உன் மாமியார் காதில் விழும்படி நடத்து.

இத்துடன் முதல் மூன்று தாள்கள். அடுத்தது, பத்தாவது வாரக் கரு.

உன் சித்திக்கு ஒரு வாரமாக வயிறு சரியில்லை. என் சட்டையில் அச்சு மை வாடை அடித்தால் வாசலோடு நிறுத்திவிடுகிறாள். பதினேழு வருடம் மணத்த மைதான். வெயில் போலிருக்கிறது.

உடம்பைக் கவனி.

இப்படிக்கு,
இருபது கோடியில் ஒருவனாகிய
உன் சித்தப்பா


ஜூலை 8

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சித்தியின் வயிறு இப்போது தேவலையா? மாத்திரை போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாள், விடாதீர்கள்.

பாடம் நடத்திவிட்டேன். நாற்பது புத்தகத்துப் பின்களையும் வகுப்பிலேயே கழற்றச் சொன்னேன். தலைமையாசிரியை இரண்டு தடவை ஜன்னல் பக்கம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். உங்கள் இருபது கோடிக் கதைக்கு வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுந்து, "யாரும் வரலைன்னா அந்த முட்டை என்ன பண்ணும் மிஸ்?" என்றாள். ஒரு நாள் பார்க்கும், அப்புறம் கரைந்துவிடும் என்றேன். "பாவம் மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இந்த மாதமும் கரைந்துவிட்டது, சித்தப்பா. நேற்றுத்தான்.

மெல்லிய பருத்திப் புடவை ஒன்றைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி அலமாரியில் மடித்து வைத்திருந்தேன். எதற்கென்று உங்களுக்குத் தெரியும். ஓரகத்தி அதைக் கிழித்து நாலு சின்னச் சட்டை தைத்துவிட்டாள். கேட்டதற்கு, "சும்மாதானே கிடந்தது, நீ வச்சிருந்து என்ன பண்ணப்போறே?" என்கிறாள். நான் ஒரு சட்டையைத் திருடி ஒளித்து வைத்திருக்கிறேன். வீடெல்லாம் தேடுகிறாள். தேடட்டும்.

இதை நான் வேறு யாரிடம் சொல்ல முடியும்? என் அம்மாவிடம் சொன்னால் அழுவாள். இவரிடம் சொன்னால் ஏதாவது ஒரு லிஃப்டைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவார். நல்லவேளை நீங்களும் சித்தியும் இருக்கிறீர்கள். நீங்களும் இல்லையென்றால் நான் எங்கே போய் எரிவேன்?

அன்புடன்,
கடுகு


ஜூலை 17
(எழுதி, அச்சக மேசை இழுப்பறையில் வைத்தது. தபாலில் சேர்க்கவில்லை.)

கடுகு,

உன் சித்தியின் வயிறு சரியாகத்தான் இருக்கிறது. பதினேழு வருடத்தில் முதல்முறையாக.

நாற்பத்திரண்டு வயதில் எல்லாம் முடியும் பருவம் வந்துவிட்டது என்று நினைத்து அவள் நாள் பார்ப்பதையே விட்டிருந்தாள். நேற்று ஸ்கேன். கருப்பு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று துடித்தது. நிமிடத்துக்கு நூற்றெழுபது என்றார் டாக்டர். நான் லட்சத்தெழுபது என்றே எண்ணினேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். என்னிடம்! இருபத்திரண்டு வருடம் இதையே வரைந்தவனிடம்! ஆனால் உண்மையில் எனக்குப் புரியவில்லைதான். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சந்தோஷம் என்று நினைக்கிறாயா? எனக்கு உன் சித்தியைப் பார்த்துப் பொறாமை. எல்லாம் அவளுக்குள்ளே நடக்கிறது. என் பங்கு ஒரே ஒரு செல். நான் வெளியே வால் அறுந்து நிற்கிறேன்.

இதை உன்னிடம் சொல்லாவிட்டால் நான் துரோகி. கரைந்துவிட்டது என்று நீ எழுதிய கடிதத்துக்குப் பதிலாகச் சொன்னால் நான் கொலைகாரன்.


ஜூலை 24

அன்புள்ள கடுகுக்கு,

நலம், நலம், மகா நலம். சித்திக்கும் தேவலை.

வேலை மலைபோல் குவிந்துகிடப்பதால் நீளமாக எழுத நேரமில்லை. பத்தாவது வாரப் படம் இத்துடன். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருந்தோம், வர முடியாது போலிருக்கிறது. சித்தி நெடும்பயணம் வேண்டாம் என்கிறாள். என் முழங்காலும் ஆமோதிக்கிறது.

சட்டையைத் திருடியது சரியே. கட்சி உன் பக்கம்.

இப்படிக்கு,
சித்தப்பா


ஆகஸ்ட் 5

சித்தப்பாவுக்கு,

வணக்கம்.

படம் வந்தது. வகுப்பில் மாட்டினேன். நேற்று அதன் எதிரே நின்று பாடம் நடத்தும்போதுதான் கவனித்தேன். பாடப்புத்தகத்தில் கருப்பை முன்பக்கம், மூத்திரப்பைமேல் சாய்ந்திருக்கும். உங்கள் பழைய படங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். இதில் பின்பக்கம், முதுகெலும்பைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

சில பெண்களுக்கு அப்படி இருக்கும், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் அப்படி. முன்பு டாக்டர் அதைச் சொன்ன அன்று சித்தியே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "என் கருப்பைகூட உன் சித்தப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காம்."

அவளுடையதை நீங்கள் இதுவரை வரைந்ததில்லை. இப்போது வரைந்திருக்கிறீர்கள், உள்ளே கருவோடு.

சித்திக்கு இது எத்தனையாவது வாரம்?

கடுகு


ஆகஸ்ட் 12

என் கண்ணான கடுகுக்கு,

பதின்மூன்றாவது வாரம்.

அச்சகத்துப் பழைய படத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் போட்ட படமும் பையில் இருந்தது. கை எதைப் பார்த்து வரைந்தது என்று கைக்கே தெரியவில்லை. வரையத் தெரிந்தவனுக்குப் பொய் சொல்ல வராது போலிருக்கிறது.

உனக்கு எழுதினேன். அனுப்பவில்லை. அந்தக் கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துக்கொள். உன்னைவிட்டு நாங்கள் கரையேறிவிட்டதாக நினைக்காதே. நான் இங்கே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், கேள். பிறக்கப்போவது உன் பிள்ளை. பிறந்ததும் உன் மடியில் போட்டுவிடுகிறேன், வளர்த்துக்கொள். எங்களுக்கு வயதாகிவிட்டது. ஓடிப்பிடிக்க முழங்கால் இல்லை. உலகத்தில் எந்தச் சித்தப்பனும் இதுவரை கொடுக்காத பரிசாக இருக்கட்டும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா


செப்டம்பர் 21

அன்புள்ள கடுகுக்கு,

நலமா என்று இது நாற்பதாவது நாளாகக் கேட்கிறேன், மனத்துக்குள். தபால்காரர் என் அச்சகத்தைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார். அவர் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிடுவேனோ என்று பயம். நியாயமான பயம்தான்.

அண்ணனுக்குப் போன் செய்தால் நீ நலம் என்கிறார். அண்ணன் சொல்லும் நலம் எனக்கு எதற்கு?

ஐந்தாவது தாள் உங்கள் பள்ளிக்கு வரவேண்டிய பாக்கி. பிரசவப் படம். அதை அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அனுப்பிவிட்டால் உனக்கு எழுத எனக்குச் சாக்கு ஏது?

சித்தப்பா


அக்டோபர் 19

சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமில்லை. இந்தத் தடவை அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன்.

ஓரகத்திமேல் எனக்கு இருந்தது வெறும் புகை. உங்கள்மேல் வந்ததுதான் நெருப்பு. அவள் எனக்கு எதிர்க்கரை. அவளிடம் இருப்பது என்னிடம் இல்லை என்பது பழகிவிட்டது. நீங்கள் என் கரையில் உட்கார்ந்திருந்தீர்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது சித்தியை நினைத்துக்கொள்வேன். பதினேழு வருடம் சித்தியே சிரித்துக்கொண்டு இருக்கிறாளே, எனக்கு ஆறு வருடம்தானே என்று அடுத்த படி ஏறுவேன். இப்போது யாரை நினைத்து ஏறுவது? சித்திக்குக் கரு தங்கியதென்று தெரிந்த அன்று நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? இது தங்கக் கூடாது. அப்படித்தான் நினைத்தேன். அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

அதைக்கூட உங்களிடம் எப்படியாவது சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் எழுதிய பரிசு. அது என்ன, சுருட்டித் தபாலில் போடும் படமா? நிலா வரை கருப்பை ஒட்டுங்கள், ஊருக்கு வெந்நீர் போடுங்கள், நான் சிரிக்கிறேன். உங்கள் வாய் வீச்சுக்கு இந்த ஒன்றாவது தப்பியிருக்கலாம். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க நான் நிஜமாகவே நம்பினேன், சித்தப்பா. மறுநாள்தான் எனக்குப் புத்தி வந்தது.

பரிசு கொடுக்கும் முன்னால் சித்தியைக் கேட்டீர்களா?

கட்சியைக் கலைத்துவிட்டேன். ஐந்தாவது தாளை அனுப்புங்கள், பிள்ளைகளுக்குத் தேர்வு வருகிறது.

கடுகு


நவம்பர் 4

கடுகுக்கு,

கேட்கவில்லை. நீ கேட்ட பிறகுதான், நான் அவளைக் கேட்கவே இல்லை என்பது எனக்கே உறைத்தது. உன் கடிதத்தையும், நான் எழுதியதையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாததே தேவலையாக இருந்தது.

உன்னைக் கண்டு எனக்குப் பயம், கடுகு. உன் முகத்தில் பொறாமையைப் பார்க்கப் பயந்துதான் அவ்வளவு பெரிய பரிசை எடுத்து மறைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டால் நீ பொறாமைப்பட மாட்டாய் அல்லவா, என்னைப் பழையபடி சித்தப்பா என்பாய் அல்லவா? அந்தக் கணக்குத்தான். பெரிய மனசு ஒன்றும் இல்லை.

உன் அரை நிமிடத்தை உன் சித்தி படித்தாள். கீழே அவளே எழுதுகிறாள். ஐந்தாவது தாள் உள்ளே இருக்கிறது.

சித்தப்பா

கடுகு, சித்தி எழுதுகிறேன். இவர் கொடுக்கும் வரத்தையெல்லாம் நம்பாதே. பிள்ளை என்னுடையது. யாருக்கும் தர மாட்டேன், உனக்கும் தர மாட்டேன். உன் அரை நிமிடம் பெரிய விஷயமில்லை. நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மாவின் வயிற்றைப் பார்த்து நான் நினைத்ததை எழுதினால் இந்தத் தாள் தீப்பிடிக்கும். அப்போது நான் புதுப்பெண்கூட இல்லை, பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி, இவரைக் கட்டிக்கொள்வேன் என்றுகூடத் தெரியாது. அப்படியிருந்தும் எரிந்தது. தூரத்தில் உட்கார்ந்து எரியாதே. இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொறாமைப்படு.


ஜனவரி 30

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

வணக்கம். நாள் நெருங்குகிறது. சித்திக்குக் கால் வீக்கம் இருக்கிறதா, தூங்குகிறாளா? நான் பரவாயில்லை.

சித்தி எழுதியதை ஆசிரியைகள் அறையில் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் வேலை மாற்றல் கிடைத்துவிட்டதா என்று கேட்டார். அதற்குப் பிறகும் பதில் எழுத எனக்கு இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது. சிரித்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை.

டிசம்பரில் ஓரகத்திக்குப் பெண் பிறந்தது. மாமியார் அவள்மேல் குறைப்பட்டுக்கொண்டார். தீர்மானித்தது உங்கள் மூத்த பிள்ளையின் அணு என்று கூடத்தில் நின்று சொன்னேன். தையல் மெஷின் நின்றது. சாயங்காலம் ஓரகத்தி எனக்காக ஒரு டம்ளர் டீ எடுத்து வைத்திருந்தாள். குடித்தேன். பொறாமையோடுதான் குடித்தேன்.

பிப்ரவரி இருபத்தைந்திலிருந்து எனக்குப் பத்து நாள் விடுப்பு. வருகிறேன். அவருக்கு வேலை இருக்கிறது, நான் மட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வந்து இறங்கியதும் ஓடிவந்து குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், சித்தப்பா. முதல் நாள் நான் தள்ளித்தான் உட்காருவேன். வேறு ஏதாவது பேசுவேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி, லிஃப்டுகளைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றி. பேச விடுங்கள். இரண்டாம் நாளும் நான் தொட்டிலை எட்டிப்பார்க்கவில்லை என்றால் சித்தி வருந்த வேண்டாம்.

நானாகக் கேட்பேன். கேட்கும்போது, முதலில் சித்தியைக் கேளுங்கள். அப்புறம் கொடுங்கள்.

அன்புடன்,
கடுகு